உளிக்கு ஒரு நடைவண்டி

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். எனக்கு வாய் நீளம். எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடியது இந்த இரண்டாலும்தான். நான் திட்டுவதில் பாதி அவருக்குக் கேட்காது. கேட்ட பாதிக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைக்குள் போய்விடுவார். அறுவை மிஷினும் இழைப்பு மிஷினும் சேர்ந்து காதைத் தின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார். கொஞ்சம் நானும் தின்றிருப்பேன் என்று என் தம்பி யோகராஜ் சொல்லித் திரிகிறான். அவன் கிடக்கிறான்.

அவர் பெயர் இசக்கியப்பன். கோவில்பட்டியில் எங்கள் பக்கம் கதவு, நிலை, ஜன்னல் என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை. முன்பக்கம் நான் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். காலையில் என் கிரைண்டர், அவருடைய மிஷின், எதிர்வீட்டு டிவி எல்லாம் ஒன்றாக ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் மெதுவாகப் பேசத் தெரிந்த ஆளே கிடையாது.

நான் நாகலாபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது இந்த மிஷின் எதுவும் இல்லை. வந்த மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பியது உளி தீட்டுகிற சத்தம். சர்ர்... சர்ர்... என்று ஒரே சீராகக் கேட்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் இரும்பைத் தீட்டினால் யாரையோ வெட்டக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். பதறிப்போய்க் காபி டம்ளரோடு பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

மனுஷன் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து, உளியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இம்மிகூட அசையவில்லை. தோளிலிருந்து கை மட்டும் போய்வந்தது. பிறகு உளியின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, நுனியில் பிசிறு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். உளியைப் புரட்டிக் கல்லின்மேல் படுக்கவைத்து ஒரே இழுப்பு, பிசிறு போய்விட்டது. கடைசியாக இடது முன்கையில் உளியை வைத்து ஒரு வழி வழித்தார். முடி சுருண்டு வந்தது. அதை ஃபூ என்று ஊதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஊதின முடி நேராக என் காபியில் விழுந்தது.

"அய்யே! கண்ணு எங்கன இருக்கு உங்களுக்கு?" என்றேன். புதுப்பெண் புருஷனிடம் பேசின முதல் பேச்சு அதுதான். அன்று ஆரம்பித்த வாய், இன்னும் ஓயவில்லை.

தினமும் உளியின் கூர்மையை அப்படித்தான் சோதிப்பார். வழித்து வழித்து இடது முன்கையில் ஒரு மொட்டைத் திட்டு விழுந்துவிட்டது. கல்யாண வீடுகளுக்குப் போனால் சட்டைக் கையை இறக்கிவிடச் சொல்லி நான் மன்றாடுவேன். "பாக்குதவிய சொறின்னு நெனைக்கப் போறாவ" என்பேன். "நெனைச்சா நெனைக்கட்டும், தொழில் பண்ணுத கைட்டி இது" என்று வேண்டுமென்றே மடித்துவிட்டுக்கொள்வார். பந்தியில் எனக்கு மானம் போகும்.

போன வருஷம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸ் தட்டில் கடகடத்தது. நான்தான் சூடாகக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு சட்டைப் பித்தான் போட முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முழுசாக விடாது என்றார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டுவதற்கு அந்த நடுக்கம் பெரிய இடைஞ்சல் இல்லை. உளியைப் பிடிக்கிற இடது கை நன்றாகத்தான் இருந்தது. தீட்டும்போதுதான் வினை. மணிக்கட்டு ஆட ஆட, உளி நுனி கல்லில் உருண்டு மழுங்கிவிடும். மழுங்கின உளி மரத்தைச் சீவாது, பிய்த்து எடுக்கும்.

அவர் உளிப்பெட்டியை மூடி வைத்தார். மிஷினில் அறுக்கிற வேலை, இழைக்கிற வேலை மட்டும் வாங்கினார். இழைத்த பலகையை யாரோ எடுத்துப்போய் எங்கோ கதவாகச் செய்துகொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போடும்போது பார்க்கிறேன், அந்த இடது முன்கையில் முடி வளர்ந்திருந்தது. மொட்டைத் திட்டு இருந்த தடமே தெரியவில்லை. எல்லா ஆம்பிளைகளின் கையைப்போலவும் இருந்தது. நான் எத்தனை வருஷமாகக் கேட்டது! கிடைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. ரசம் ஊற்றுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

யோகராஜிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். வாய்தான் கோணலே தவிர, வேலை சுத்தம். போனில் எதையோ தேடி ஆர்டர் போட்டு, ஒரு நாள் சின்ன அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான்.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான். உளியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற தாடை, அதை இறுக்க ஒரு திருகு, அடியில் ஒரே ஒரு இரும்புச் சக்கரம்.

"அத்தான், உளிய இதுல மாட்டிக் கல்லுல வச்சிட்டா, நுனிச் சரிவு மாறவே மாறாது. கை ஆடுனாலும் உளி ஆடாது. நீங்க தள்ளி இழுத்தாப் போதும், சக்கரம் உருண்டுக்கிடும்" என்றான்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, நான் என்ன நடை பழகுத பிள்ளையா? நடைவண்டி வாங்கிட்டு வந்திருக்க?" என்றார். இந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் செய்துகொடுத்த நடைவண்டியைப் பிடித்துத்தான் நடந்தார்கள். அந்த மனுஷனுக்கு இது உறைத்திருக்கும். சாமானைப் பரண் பலகையில் விட்டெறிந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரெண்டு மூணு நாள் கழித்து, மாவு வாளியைக் கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பட்டறைக்குள் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார், முன்னால் கல், கல்லின்மேல் அந்த வண்டி. பக்கத்தில் ஒரு பலகை, அதில் சின்னத் தேக்குத் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். உளி வண்டியிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் சரிவு. கூட நீட்டினால் நுனி மெலிந்து பொடியும், குறைந்தால் தடித்து இறங்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே நீளம் வருவதற்காக உளி நுனியை அந்தத் தேக்குத் துண்டில் முட்டவைத்துத் திருகை இறுக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்தது. நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

அந்த வாரமே கையில் மொட்டைத் திட்டு வந்துவிட்டது. என் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவும் காணாமல் போனது. வேலை முடிந்ததும் வண்டியைக் கழுவி, கல் சேறு போக பழைய பனியனால் துடைத்து, சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருட்டிப் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைப்பார். வாயில் மட்டும் மரியாதை கிடையாது. "அந்தச் சனியன எங்கன வச்சேன்?" என்றுதான் தேடுவார். நானும், "சனியன் உங்க தலைமாட்டுலதான் இருக்கு" என்பேன். வீடு பழையபடி வீடாக இருந்தது.

சரஸ்வதி பூஜை கழிந்தபிறகு பிடித்தது பீடை. தீட்டுகிற உளி எல்லாம் கோணலாக வர ஆரம்பித்தது. நுனி ஒரு பக்கம் சாய்ந்து போயிற்று. அவர் திரும்பத் திரும்பத் தீட்டினார். தீட்டத் தீட்டக் கோணல் கூடியது. என் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் பூஜை அறைக் கதவு செய்துகொண்டிருந்தார் அப்போது. மூலைப் பொருத்தில் உளி இழுத்துக்கொண்டு போய் மரம் பிளந்துவிட்டது. நல்ல தேக்கு.

உள்ளே வந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"மயிலு, போதும்ட்டி" என்றார்.

"என்ன போதும்?"

"வண்டி குடுத்தும் ஓட்ட முடியல. கை இன்னும் மோசமாப் போச்சு. அடுத்தவன் வீட்டுச் சாமிக் கதவ நாசமாக்கிட்டேன். உளிய மணிராஜுக்குக் குடுத்திருதேன். ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கிடச் சொல்லியாச்சு."

மணிராஜ் முன்பு இவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். இப்போது விளாத்திகுளத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறார். நல்ல மனுஷன்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் கத்தினேன். எதிர்வீட்டு டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். பெண்டாட்டியைக் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறவர் நாளைக்குப் பெண்டாட்டியையும் தூக்கிக் கொடுப்பார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. கை நடுங்குகிற புருஷனோடு நான் குடித்தனம் பண்ணிவிடுவேன். உளியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற புருஷனை என்ன செய்வது?

சனிக்கிழமை வந்தது. மாதாந்தரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். என் கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. தெருவில் ஒரு மிஷின் ஓடவில்லை, டிவி இல்லை. ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற சத்தம்கூட எங்கள் வாசல்வரை கேட்டது.

அவர் உளிப்பெட்டியோடு பட்டறைக்குள் போனார். மழுங்கின உளியை இன்னொருத்தர் கையில் கொடுக்கக்கூடாது, அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. முடிந்தமட்டும் தீட்டிக் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடாத கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இனி இந்த வீட்டில் இந்தச் சத்தம் கிடையாது என்று நினைத்துத்தான் கேட்டேன். எத்தனை வருஷம் இந்தச் சத்தத்தில் விழித்திருக்கிறேன்! பிள்ளை பெற்று வந்து கிடந்தபோது, என் அப்பா செத்த மறுநாள் எழுந்திருக்க மனசில்லாமல் படுத்திருந்தபோது, எப்போதும் இது கேட்டது. உலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, எழுந்து காபி போடு என்று சொல்வதுபோல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

சத்தம் சரியில்லை.

வண்டி வந்தபிறகு சர்ர் என்ற இழுப்புக்கு அடியில் ஒரு குறுகுறுப்பு கேட்கும், சக்கரம் கல்லில் உருளுகிற சத்தம். அது இல்லை. அதற்குப் பதிலாக, அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு கீச்சல் கேட்டது. பூஜைக்குப் பிறகு நான் இதை ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. மாவு வியாபாரம் கூடிவிட்டதால், அவர் தீட்டுகிற நேரத்திலும் என் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கோ கேட்க வழியே இல்லை.

எழுந்து ஓடினேன். "நிறுத்துங்க!" என்றேன். அவர் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். போய்க் கையைப் பிடித்தேன்.

"சக்கரம் சுத்தலைங்க!"

"என்னது?"

"சக்கரம்! சுத்தல! தேயுது!"

"சும்மா கெடட்டி. சக்கரத்துக்கு என்ன கேடு? கைதான் ஆடுது."

வண்டியைப் பிடுங்கி விரலால் சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. கழுவிப் பார்த்தால், அடிப்பக்கம் வட்டம் போய்த் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அதுவும் ஒரு பக்கச் சாய்வாக. அந்தச் சாய்வுதான் உளி நுனியில் ஏறியிருக்கிறது. அவர் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே குத்திக் கிண்டினேன். கறுப்பாக, கட்டியாக ஏதோ வந்தது. கல் சேறும் எண்ணெயும் இறுகினது. இன்னும் உள்ளே கிண்டினேன். மஞ்சளாக வந்தது. பக்கத்தில் கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்த்தேன்.

சந்தனம். குங்குமம்.

சரஸ்வதி பூஜைக்குக் கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். உளிப்பெட்டிப் பக்கம் என்னை விடமாட்டார். அதற்கு அவரே குளித்துவிட்டு வந்து, அவர் கையால்தான் வைப்பார். உளிக்கு ஒன்று, கொட்டாப்புளிக்கு ஒன்று என்று கஞ்சத்தனமாக வைப்பார்.

"இதுல யாரு சந்தனம் வச்சா?" என்று கேட்டேன்.

அவர் கல்லைப் பார்த்தார்.

"கேக்குதேன்லா?"

"நான்தான்."

"பொட்டு வச்ச மாதிரித் தெரியலையே? அரைச்ச சந்தனம் அம்புட்டையும் அப்பியிருக்கீங்க! அச்சுக்குள்ள போற அளவுக்கா?"

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு, காது மந்தமானவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார். "மத்ததெல்லாம் சாமான். இது என்னயத் திரும்ப நடக்க வச்சதுல்லா மயிலு. மறுநாத் தொடைக்க மனசு வரல. அதுக்கப்புறம் கழுவவும் இல்ல, உருட்டிப் பாக்கவும் இல்ல, அதுமேலயே எண்ணெய விட்டேன்."

ஊரெல்லாம் கேட்கச் சனியன் சனியன் என்று ஏசிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அதற்குச் சந்தனக் காப்பு சாத்தியிருக்கிறார் மனுஷன்! திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது. மாவுக்கையோடு பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார், நடுங்குகிற கையை.

"சக்கரம் போச்சு, சரி. கையும் போயிருந்தா?" என்றார். அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

"அத நாளைக்குப் பாப்போம்" என்று மூக்கைச் சிந்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

யோகராஜின் லேத்தும் கரண்டுக்காகக் காத்துக் கிடந்தது. மத்தியானம் தாண்டித்தான் கரண்டு வந்தது. அதுவரை அவன் பட்டறை வாசலில் உட்கார்ந்து, அவன் வாங்கிக்கொடுத்த டீயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பித்தளையில் புதுச் சக்கரம் கடைந்து, அச்சைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி மாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினான். சக்கரம் நிற்காமல் சுற்றியது.

"யக்கா, அத்தான்ட்ட சொல்லு. சந்தனம் வைக்கணும்னா நெத்தியில வைக்கச் சொல்லு. அச்சு வாயில வைக்க வேண்டாம்" என்றான்.

"உன் வாயில வச்சா நல்லா இருக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிரைண்டரைப் போடவில்லை. மாவு வாங்க வந்த உமாதேவி, "என்னக்கா இன்னும் ஆட்டலையா?" என்று ஆரம்பித்தாள். "ஏட்டி, வாய மூடிட்டு நில்லு" என்றேன். பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

பின்னால் சத்தம் ஆரம்பித்தது. சர்ர்... அடியில் குறுகுறு. சர்ர்... குறுகுறு.

காபி எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கோணல் போவதற்கு ரொம்ப நேரம் இழுக்க வேண்டியிருந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கத்தான் செய்தது, நான் பார்த்தேன். ஆனால் உளி நடுங்கவில்லை. பிசிறை விரலால் தடவினார். உளியைக் கழற்றிப் புரட்டிப் படுக்கவைத்து ஒரு இழுப்பு. மூலைமட்டத்தை நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. நேர்.

அவர் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மணிராஜ், கையில் ஒரு பெரிய சாக்குப்பையோடு.

"வாரேன் மதினி. அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாயிரும், பெட்டிய எடுத்துக்கிடவா?" என்றார்.

அவர் திரும்பவில்லை. சட்டைக் கையை மடித்தார். இடது முன்கையில் உளியை வைத்து ஒரு வழி வழித்தார். முடி சுருண்டு வந்தது. ஃபூ என்று ஊதினார்.

"அய்யே! கண்ணு எங்கன இருக்கு உங்களுக்கு? காபில விழுது பாருங்க!" என்று கத்தினேன். அடி வயிற்றிலிருந்து கத்தினேன். இப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்று!

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, பெட்டி..." என்றார் மணிராஜ் இன்னும் உரக்க.

"என்ன மணிராஜ்? ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த உளியை எடுத்துத் தேக்குத் துண்டில் முட்டவைத்துத் திருகை இறுக்கினார்.

மணிராஜ் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு சாக்குப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். அவருக்கு வேறு காபி போட உள்ளே போனேன். முடி விழுந்த காபியை அடுப்படியில் நின்று நானே குடித்தேன்.